பிட்டு சாப்பிடாத சனிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு கைப்பிடிக் கொத்தமல்லியிலிருந்து வந்தது. இதைவிடப் பெரிய காரணம் சொல்ல ஆசைதான். ஆனால் நடந்தது இதுதான்: கடல் கடந்து நாங்கள் குடியேறிய ரானுயி என்ற புறநகரில் ஒரு சனிக்கிழமைக் காலை பக்கத்து வீட்டுக் கௌரி என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, கொஞ்சம் கொத்தமல்லி இலை தருவீங்களோ? சமைக்க இல்ல. முயலுக்கு."

வெயிலும் மழையும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவள் தலைமுடியில் மழைத்துளிகள் முத்து முத்தாக—

(வேண்டாம். முத்துகளை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.)

2

முதலில் வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். 'முயல்களுக்கு வாந்தி எடுக்க வராது.' உண்மையான வாக்கியம். ஆனால் கட்டுரை வாசனை. பிறகு, 'பிட்டு என்ற வெள்ளை முயல் தன் உறக்கத்துக்குள் ஒரு புல்வெளியை' என்று எழுதினேன். அந்த வாக்கியம் அங்கேயே படுத்துக்கொண்டது. நான் எழுப்பவில்லை.

நேராகவே சொல்கிறேன். பிட்டு கௌரியின் முயல். கௌரி யாழ்ப்பாணத்துக்காரி, தனியாக இருக்கிறாள். பக்கத்து ஊரான மாசியில் ஒரு கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நர்ஸ். வெள்ளிக்கிழமை மாலை பிட்டுவுக்கு வருடா வருடம் போடும் ஊசி. சனி காலை அது உலர்புல்லைத் தொடவில்லை.

பெட்டியோடு தூக்கி வந்து என் சமையலறைத் தரையில் வைத்தாள். பிட்டு கொத்தமல்லியை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"புழுக்கையைப் பாருங்கோ அக்கா."

வழக்கமாகக் கொண்டைக்கடலை அளவு இருக்குமாம். அன்று மிளகு அளவில் ஏழெட்டுத்தான். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சாப்பாடு நின்றால் அதுவும் நின்றுவிடும் என்றாள். நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

3

அவள் மிருக வைத்தியசாலைக்கு போன் செய்தாள். ஸ்பீக்கரில் ஓர் இளம்பெண்ணின் இனிமையான குரல். ஊசிக்குப் பிறகு ஒரு நாள் மந்தமாக இருப்பது சாதாரணம்தான். மதியம் இரண்டு மணிக்குள் சாப்பிடாவிட்டாலோ புழுக்கை போடாவிட்டாலோ உடனே கொண்டுவாருங்கள். கவலைப்பட வேண்டாம். அடுத்த அழைப்பு காத்திருக்கிறது.

கௌரி போனைக் கீழே வைக்காமல் நின்றாள். ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தரையில் தண்ணீர் போல அசைந்தது. நாங்கள் மூவரும் ஏதோ ஏரிக்கு அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"அக்கா, இது என்ர குரல்."

"என்ன சொல்ற?"

"நான்தான் இப்பிடிக் கதைக்கிறனான். ஒவ்வொரு நாளும். இதே சொல்லு, இதே சிரிப்பு."

4

(இந்த இடத்தில் கௌரியைச் சந்தேகித்தேன். முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதியிருந்தேன். அது பொய். கீழே வருகிற விஷயத்தில் அவள் சொன்ன ஆலோசனை முழுக்கச் சரி. சரியாகச் சொன்னவளை வைத்துக் கதை எழுதுவது சிரமம்.)

செவ்வாய்க்கிழமை சிந்து என்ற பெண் கிளினிக்குக்கு அழைத்திருக்கிறாள். தமிழ்நாட்டுக்காரி. ஆறு வார ஊசிக்குப் பிறகு குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்றாள். சாதாரணம்தான், இன்னின்ன நடந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று கௌரி பட்டியல் சொன்னாள். "ஒரு தடவை வந்து பாக்க முடியுமா?" என்று சிந்து கேட்டாள். தேவையில்லை என்று சொல்லிக் கௌரி போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

"எனக்கு அந்தப் பிள்ளையின்ர பேர்கூட நினைவில்ல" என்றாள் கௌரி.

வீடு தெரியும். கிளினிக்குக்குப் பின் தெருவில் அந்தப் பெண் தள்ளுவண்டியோடு ஒரு வீட்டுக்குள் போவதைப் பார்த்திருக்கிறாள். அங்கே பார்த்துவிட்டு அப்படியே வைத்தியசாலைக்குப் போகலாம் என்று கௌரியின் காரில் கிளம்பினோம். பிட்டு பெட்டியோடு என் மடியில். துணிக்கு அடியில் அதன் பற்கள் மெல்ல நறநறவென்றன. முயலுக்கு வலித்தால் அப்படிச் செய்யுமாம்.

5

சிந்துவே கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை, கொழுகொழுவென்று, நல்ல தூக்கத்தில்.

"சிஸ்டர்?"

"பிள்ளை எப்பிடி இருக்கிறார்?"

"எங்க வெற்றிக் குட்டியா? அன்னைக்குச் சாயங்காலமே குடிச்சுட்டான். நீங்க சொன்ன மாதிரியேதான்."

இங்கே கதை முடிந்திருக்கலாம். எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் கௌரி வாசலைவிட்டு நகரவில்லை. குழந்தையை அல்ல, சிந்துவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

சிந்து கதவோரம் கிடந்த துணிகளைக் காலால் ஒதுக்கினாள். கணவன் மனோஜ் ஏர்போர்ட்டில் வேலைக்குப் போயிருக்கிறான், ஆறு மணிக்குத்தான் வருவான் என்றாள். வீடு இப்படிக் கிடக்கிறதே என்றாள். கடைசியில் மிகச் சாதாரணமாக, "சாப்பாடே இறங்கல சிஸ்டர். அன்னைக்கு வந்து பாருங்கன்னு கூப்பிட்டது அவனுக்காக இல்ல" என்றாள்.

கௌரி செருப்பைக் கழற்றினாள்.

மணி ஒன்று நாற்பது. கார் சாவியை என் கையில் வைத்தாள். "அக்கா, பிட்டுவைக் கொண்டுபோங்கோ. நான் இஞ்ச இருக்கிறன்."

அவள் ஒரு முறையாவது பெட்டியைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

6

வைத்தியர் பிட்டுவின் வயிற்றில் காது வைப்பது போலக் குனிந்து வெகுநேரம் கேட்டார். குடல் மெதுவாகிவிட்டது, நிற்கவில்லை என்றார். ஊசியாலா என்று கேட்டேன். இருக்கலாம், கார்ப் பயணமும் பயமும்கூட இப்படிச் செய்யும், ஊசியைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து என்றார். வலிக்கு மருந்து. கரைத்த உணவைச் சிரிஞ்சால் வாயோரமாக, துளித் துளியாக.

நாலரை மணிக்குப் பிட்டு ஒரு புல்லை இழுத்தது. அது மெல்லும்போது காதுகளும் சேர்ந்து அசைந்தன. சிறிது நேரத்தில் துணியில் மூன்று புழுக்கைகள், கொண்டைக்கடலை அளவுக்கு. பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருந்தவரிடம் அதைக் காட்டினேன். அவரும் மதித்துப் பார்த்தார்.

7

ஆக, முயல் பிழைத்தது. திங்கட்கிழமை கௌரி சிந்துவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். இவை இரண்டும் எனக்குத் தெரியும்.

தெரியாதது, அந்த மூன்று மணி நேரம் அந்த வீட்டில் நடந்தது. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் சிந்து அழுதாள். இரண்டாவதில் கௌரி மன்னிப்புக் கேட்டாள். மூன்றாவதில் இருவரும் தூங்கிவிட்டார்கள், குழந்தை மட்டும் விழித்திருந்தது. மூன்றாவது எனக்குப் பிடிக்கும். அதனாலேயே அதை நம்பவில்லை. கௌரியிடம் கேட்டால், "கதைச்சனாங்கள்" என்கிறாள். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் நான் வேறோர் இடத்தில் முயலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே இல்லாதவள் அதை எழுதக் கூடாது என்று இப்போது முடிவு செய்திருக்கிறேன். உங்களுக்கு அந்த மாதிரி ஓர் அறை தெரியும் என்றால், நீங்கள் எழுதுங்கள். சிந்து பேசத் தொடங்க வெகுநேரம் ஆகலாம். அதுவரை கௌரியை எழுந்திருக்க விடாதீர்கள்.