பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் முழுக்க என் வீட்டுக்காரர் சுருளிவேல் கொஞ்சியது என்னை அல்ல, ஒரு பெட்டியை. பூமி எந்த இடத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் மீட்டர் அதற்குள் இருந்தது. போடியிலிருந்து போடிமெட்டு வரை வளைவுக்கு வளைவு இறக்கி வைத்துப் பார்த்தால், மலைக்கடியில் பாறை எவ்வளவு ஆழம் போகிறதென்று கணக்குப் போடலாமாம். சர்வே ஆபீசர் ராஜாராம் சார் சொன்னதை இவர் வந்து ஒப்பிப்பார். ஜீப்பை அவர்களுக்குத்தான் வாடகைக்கு ஓட்டினார்.

“மேல தெரியிற மலை கொஞ்சந்தான் மருதாயி. அடியில அதவிட ஆழமா எறங்கியிருக்காம்.”

“அதத் தோண்டுனா சோறு வேகுமா?” என்பேன்.

வாய்தான் அப்படி. உள்ளுக்குள் ஒரே பயம். எட்டு மாத வயிற்றோடு மெட்டு எஸ்டேட் லயத்து வீட்டில் இருந்தேன். பிரசவத்துக்குப் போடிக்கு இறங்கியாக வேண்டும். முதல் பிள்ளை, இவர் ஏலக்காய் லோடோடு என்னையும் ஏற்றிப் பறந்து இறங்கிய அன்று கலைந்தது. ஜீப்பால்தான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நான் சொன்னேன். அப்புறம் அந்த ஜீப்பில் நான் ஏறவேயில்லை.

“பெட்டி ஒரு குலுக்கு குலுங்கினாலும் கணக்கு எகிறிரும். அன்னைக்குச் சோலி பூராம் வீண்,” என்றார் ஒரு நாள், முகத்தைப் பார்க்காமல். “காலைல சார் தங்கியிருக்குற போடி பங்களாப் படியில பாத்ததும், சாயங்காலம் அதே படியில பாக்குறதும் ஒத்துப் போகணும். இம்புட்டு நாளும் ஒத்துப் போச்சு. நீ அது பக்கத்துல ஒக்காந்து வா. சார்கிட்டக் கேட்டுட்டேன்.”

போடிக்கு இறங்குகிற அன்று ஏறினேன். பெட்டிக்கு அடியில் என் கல்யாண ஜமுக்காளம் மடித்துக் கிடந்தது. மகராசன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தலையணை போட்டிருந்தார். ஜீப் ஊர்ந்தது.

“மாப்ளே, மாட்டு வண்டியா ஓட்டுற?” என்று பின்னால் வந்தவன் கத்தினான். சண்டைக்கு அலைகிற மனிதர் அன்று திரும்பக்கூட இல்லை.

பங்களாப் படியில் சார் மீட்டரை வைத்துக் குனிந்தார். சாமி முன்னால் பூக்கட்டிப் பார்க்கிறவர் போல இவர் கைகட்டி நின்றார்.

“காலைல பாத்த கணக்குதான் சுருளிவேல். ஒரு குலுக்கும் இல்ல.”

இவர் என்னிடம் ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

“ஒனக்கு?” என்றார்.

அவர் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். உள்ளே நல்ல உதை. இத்தனை நாளும் இந்த மனிதர் தன்னையே தின்றுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்மேல் பாவமும் ஆசையுமாக வந்தது.

“அன்னைக்கும் ஜீப்பால இல்லங்க,” என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.