மிளகு கூரையில் இருக்கிறாள்

1

இந்தக் கதை பிறந்தது இன்று காலை, வட்ஸ்அப்பில். என் சித்தி மகள் யசோதினி, கண்டிக்குப் பக்கத்திலிருக்கும் வத்தேகம வீட்டுக் குளியலறைக்குள் ஒளிந்துகொண்டு குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். பாதி அழுகை, பாதி சிரிப்பு.

"அண்ணே, நீங்க கதை எழுதுறவர்தானே? இதை எழுதி, முடிவை உடனே அனுப்புங்க. நான் அப்படியே செய்றேன். அம்மாவை மட்டும் வில்லியாக்கிறாதீங்க."

சரிம்மா. ஆக்கவில்லை.

2

மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரில் பனி மெல்ல—

(சீ, சுற்றுலாக் கையேடு.)

யசோதினி ஒரு சிறுத்தை.*

இது பரவாயில்லை. சட்டை போட்டு, இரண்டு காலில் நடந்து, வாய் ஓயாமல் பேசும் மிருகங்களை வரைந்து இணையத்தில் போடுகிற ஒரு கூட்டம் உண்டு. ஆளுக்கொரு மிருகம், அங்கே அதுதான் அவரவர் முகம். கட்டுகஸ்தோட்டையில் போன் கடையில் வேலை செய்யும் இவள் அங்கே 'மிளகு' என்ற சிறுத்தை. மிளகு பகிடி விடுவாள், பாடுவாள், சண்டை பிடிப்பாள். யசோதினி வீட்டில் வாயே திறக்கமாட்டாள்.

* புலி என்று எழுதினால் இந்த நாட்டில் அது வேறு கதை.

3

அந்தக் கூட்டம் இன்றுதான் முதல் தடவையாகக் கண்டியில் நேரில் சந்திக்கிறது. அதற்காக ஸ்பொஞ்சும் முடி வைத்த துணியுமாக மிளகின் தலையை அவளே தைத்து ஒளித்து வைத்திருந்தாள். காலையில் அலுமாரியைத் திறந்தால் தலையைக் காணோம்.

(இந்த இடத்தில் ரமேஸ் என்றொரு கள்ளனைக் கொண்டுவந்தேன். தேவைப்படவில்லை. போய்ட்டு வா ரமேஸ்.)

தலை கூரையில் இருந்தது. குரங்குகளை விரட்ட அந்தப் பக்கம் கூரையில் சிறுத்தைப் பொம்மை கட்டுவார்கள். மகள் அதற்குத்தான் செய்திருக்கிறாள் என்று ரத்தினம்மா சித்தி பூரித்துப்போய் அதை எடுத்துக் கட்டவைத்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"என் மக கைய பாத்தீங்களா? குரங்கு இனி இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காது!"

குரங்குகளோ மிளகுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

தலையைக் கேட்டால் எதற்கென்று சொல்லவேண்டும். சொன்னால் அம்மா சிரிப்பார் என்று யசோதினிக்குப் பயம். சொல்லாவிட்டால் கண்டி போச்சு.

4

முடிவு: அவள் ஏணி வைத்துக் கூரையில் ஏறி—

("அண்ணே, ஏணியைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். வேற எழுதுங்க.")

முடிவு: அம்மாவிடம் ஒரு பொய்—

இன்னொரு குரல் பதிவு. பொறுங்கள், கேட்டுவிட்டு வருகிறேன்.

5

அடக் கடவுளே! குரங்குகளின் அட்டகாசம் பொறுக்காமல் சித்தியே கூரையில் ஏறியிருக்கிறார். தலையைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, விளக்குமாற்றோடு தகரத்தில் குதித்து உறுமியிருக்கிறார். குரங்குகள் சிதறி ஓட, பக்கத்து வீட்டு அழகம்மா "முருகா!" என்று வாளியைப் போட்டுவிட்டார்.

கீழே இறங்கியும் சித்தி தலையைக் கழற்றவில்லையாம். உள்ளேயிருந்து அவர் குரல் பதிவில் கேட்கிறது:

"ஏய் யசோ! தினம் பேசுற அழகம்மாவுக்கே என்னையத் தெரியலடி! இதுக்குள்ள இருந்தா எவ்வளவு வேணா கத்தலாம் போல. எம்புட்டு நல்லா இருக்கு!" கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. "ஆமா, இது நெசமா குரங்குக்குத்தான் செஞ்சியா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

"என்ன சொன்னாய்?" என்று யசோதினியிடம் கேட்டேன்.

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அம்மா எனக்கு முன்னாலதான் நிக்கிறாங்க. முடிவை அனுப்புங்கண்ணே!"

மூன்று முடிவு எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். வாசகரே, கண்டி பஸ் சந்தியில் ஹோர்ன் அடிக்கிறது, சித்தி இன்னும் தலையைக் கழற்றவில்லை. அந்தப் பிள்ளை என்ன சொல்லட்டும்? சீக்கிரம்!