கருவாயன் இழுத்து வந்த வீடு

திருவரங்குளத்தில் இருந்த கவியரசனின் வீடு அங்கிருந்து கிளம்பியது 2022 ஆடிப்பெருக்கு அன்று, புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. இரண்டு அறை, ஒரு கூடம், மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உள்ளே கட்டிலில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த கவியரசன், இத்தனையையும் சேர்த்து இழுத்தது கருவாயன் என்கிற நாய். முதல் நாள் நாலு அடி நகர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொல்லைப்புறம் புதிதாகத் தெரிந்த ஈர மண்ணைப் பார்த்துவிட்டு, சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று விசாரித்தார்கள். விரிசல் இல்லை என்றதும் சமாதானமாகிவிட்டார்கள். மதியத்துக்குள் யாரோ அந்த நாலடியில் கீரை விதை தூவியிருந்தார்கள். வீடு போன திசை தென்கிழக்கு. கவியரசனின் மனைவி வனிதா இருபத்தேழு நாளைக்கு முன் பஸ் ஏறிப் போன திசையும் அதுதான்.

திருவரங்குளம் வட்டாரத்தில் பெரிய நாய் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு சங்கம் உண்டு. செயலாளர் கண்ணப்பன் திருமயம் பக்கத்துக்காரர். சென்னையில் பெயின்ட் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இரண்டு ராட்வீலர் நாய்களோடு ஊர் திரும்பியவர். ஞாயிறுதோறும் வற்றிய கண்மாய்க்குள் கூடுவார்கள். உட்கார வைப்பது, காவல் காக்க வைப்பது, சாக்கு சுற்றிய கையைக் கவ்வ வைப்பது என்று பல விளையாட்டுகள் நடந்தாலும் கூட்டம் சேர்வது பாரம் இழுக்கும் போட்டிக்குத்தான். டயர் மாட்டிய தட்டுவண்டியில் குவாரிக் கல்லை ஏற்றி, நாயின் மார்பில் தோல்வார் கட்டி, வண்டியோடு பூட்டுவார்கள். பதினாறு அடி தள்ளி ஒரு சுண்ணாம்புக் கோடு. சொந்தக்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட வேண்டும். கறி காட்டக் கூடாது, குச்சி கூடாது, கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வைக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் வண்டி கோட்டைத் தொட்டாக வேண்டும். ஆகவே அந்தப் போட்டியில் பாதி நாயின் பலம். மீதிப் பாதி, அது யாரிடம் போக ஆசைப்படுகிறது என்பது. இந்த இரண்டாவது பாதியில் கவியரசனுக்கு ஒன்றுமே கிடையாது.

குட்டியாகக் கருவாயனைக் கொண்டுவந்தது அவன்தான், அதை மறைக்கக் கூடாது. போர்வெல் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். யாரிடமோ ஓர் அலங்கு ஜாதிக் குட்டியை வாங்கிவந்து கூடத்தில் விட்டான். அதோடு அவன் வேலை முடிந்தது. கேப்பைக் கூழ் காய்ச்சி ஊற்றியது, காதுப் புண்ணுக்கு மருந்து போட்டது, வெயிலுக்கு முன் பழைய டயரைக் கட்டிக் கண்மாய்க் கரையில் இழுக்கப் பழக்கியது எல்லாம் வனிதா. சங்கத்துப் படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர் என்று ஓர் இடம் இருந்தது, அதில் கவியரசன் பெயரை எழுதிக்கொண்டார்கள். போட்டியன்று அவன் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்துவான். அவனுக்கு நேர் பின்னால், கூட்டத்துக்கும் பின்னால், ஒரு கருவ மரத்தடியில் வனிதா வாய் திறக்காமல் நிற்பாள். கருவாயன் அவன் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்துக்கொண்டே கல்லை இழுத்து வரும். ஐந்து வருஷத்தில் பதினோரு கோப்பை. மேடையேறிச் சால்வை வாங்கியவன் ஒரு தடவைகூடக் கருவ மரத்தின் பக்கம் திரும்பவில்லை. வனிதாவுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாரத்தில் அந்த ஒரு நிமிடம், அத்தனை பேர் நடுவில் ஒரு ஜீவன் தன்னை மட்டும் பார்த்து வந்தது அவளுக்குப் போதுமாக இருந்தது.

வீடு கிளம்பிய வருஷம் ஆனியில் ஒரு ஞாயிறு அவளுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. கண்மாயில் கருவாயன் வெறும் வண்டியைக்கூட நகர்த்தாமல் உட்கார்ந்து கொட்டாவி விட்டது. கூட்டம் சிரித்தது. கவியரசன் வீட்டுக்கு வந்து அந்தத் தோல்வாராலேயே அவளை அடித்தான். முன்பும் அடித்திருக்கிறான், ஆனால் கையால். காய்ச்சல் விட்டதும் அவள் மணமேல்குடிக்குப் பஸ் ஏறினாள். அவளோடு பள்ளியில் படித்த ஷர்லி அங்கே இறால் உரிக்கும் கொட்டகை நடத்துகிறாள். வேலையும் கொடுத்து, கீழத்தெருவில் ஓர் அறையையும் பிடித்துக் கொடுத்தாள். அறுபது கிலோ நாயை எந்தக் கண்டக்டரும் ஏற்ற மாட்டான். பத்து நாளில் வேன் பிடித்து வருகிறேன் என்று நாயின் காதில் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். கவியரசன் முந்திக்கொண்டான். தோல்வாரை மாட்டி, போர்வெல் சங்கிலியால் வாசல் தூணோடு நாயைப் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டான். "நாய் வேணும்னா வீட்டுக்கு வந்து வாங்கிக்க" என்று போனில் சொன்னான். போலீசுக்குப் போனாள். நாய் அவர் பெயரில்தானே இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். பெயர் என்னவோ அப்படித்தான் இருந்தது.

பழக்கம் வந்த பிறகு கருவாயன் நாளொன்றுக்கு இருநூறு அடி இழுத்தது. மின்வாரியத்தார் கம்பத்துக்குக் கம்பம் இணைப்பை மாற்றிக் கொடுத்தார்கள். தைல மரக் காடுகளில் மரங்கள் ஒதுங்கி நின்றன. வயல்காரர்கள் வரப்பை வெட்டி வழிவிட்டுவிட்டு, வீடு போன பின் மறுபடி கட்டிக்கொண்டார்கள். ஆலங்குடி வட்டத்திலிருந்து அறந்தாங்கி வட்டத்துக்கு ரேஷன் கார்டை மாற்றும்போது மட்டும் இரண்டு மாதம் அலைச்சல். போகிற ஊரிலெல்லாம் நாய்க்குக் கஞ்சி ஊற்றினார்கள், கவியரசனுக்கு விருந்தே வைத்தார்கள். பொண்டாட்டியைத் தேடி வீட்டோடு புறப்பட்ட மனுஷன் என்று அவனுக்குப் பெயராகிவிட்டது. கட்டிலை விட்டு இறங்காதவன், போகப்போக அதைத் தானே நம்ப ஆரம்பித்தான். சன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விடக்கூடக் கற்றுக்கொண்டான்.

வீடு அறந்தாங்கிக்கு வந்தபோது வனிதா ஷர்லியையும் ஒரு வெல்டிங்காரரையும் கூட்டிக்கொண்டு போனாள். தூரத்தில் அவளைப் பார்த்ததும் கருவாயன் வாலை ஆட்டியது. அவள் அதை நோக்கி நாலு எட்டு வைத்ததும் வால் நின்றது. கூப்பிடுகிறவள் கோட்டைத் தாண்டி எதிரே வந்தால் ஆட்டம் முடிந்தது, நீ தோற்றாய் என்று அதைப் பழக்கியது அவளேதான். நாய் தலையை மண்ணில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. சங்கிலியில் கை வைத்த வெல்டிங்காரரைப் பார்த்து உறுமியது. அவள் திரும்பிய பிறகும் மூன்று நாள் அது பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டாள். தன் கையை வெட்டிப் போட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அதன்பின் எதிரே போகவே இல்லை.

ஓடிவிடலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஒரு கல்யாணத்துக்காகக் குளத்தூர் போய் இரண்டு நாள் தங்கியதற்கே வீடு அந்த ஊர்ப் பக்கமாக, வடமேற்கே, வாசலைத் திருப்பிக்கொண்டது. கொட்டகைப் பெண்கள் இறாலை உரித்துக்கொண்டே, நாய்க்கிருக்கிற பாசம்கூட உனக்கில்லையே என்று அவள் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவள் வேண்டியது ஒன்றுதான்: கருவாயன் வர வேண்டும், வீடு வரக் கூடாது. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்டவளை ஊர் பைத்தியக்காரியாகப் பார்த்தது.

2025 ஆனியில் வீடு கீழத்தெரு முனைக்கு வந்து, அவள் வாசலுக்கு இருநூறு அடி முன்னால் நின்றுவிட்டது. கடற்கரை மணல், அஸ்திவாரம் புதைந்துகொண்டது. நாய்க்கும் வயதாகிவிட்டது; கருவாயன் என்ற பெயருக்குக் காரணமான கறுத்த மோவாய் முழுக்க நரைத்திருந்தது. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று, வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. இனி வராது என்று தெரிந்ததும் ஷர்லி பாயசம் காய்ச்சினாள். வனிதாவால் குடிக்க முடியவில்லை. காலையில் கதவைத் திறந்தால் எதிரே அது முன்னங்காலை மணலில் ஊன்றி இழுத்துக்கொண்டிருக்கும். மாலையில் வேலையிலிருந்து வந்தாலும் இழுத்துக்கொண்டிருக்கும். நகமெல்லாம் தேய்ந்து ரத்தம் கசிந்தது.

நாற்பத்தோராம் நாள் கண்ணப்பன் சங்கத்து ஆட்கள் முப்பத்தெட்டுப் பேரோடு இரண்டு வேனில் வந்து இறங்கினார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நிமிடம் முடிந்தும் வண்டி நகராவிட்டால் நடுவர் கையைக் காட்டுவார். நாலு பேர் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் தள்ளுவார்கள். வண்டி கோட்டைத் தொடும், எல்லோரும் கைதட்டுவார்கள், கோப்பை மட்டும் கிடைக்காது. தோற்றது மனிதர்களுக்குத் தெரியலாம், நாய்க்குத் தெரியக் கூடாது. ஒரு தடவை தெரிந்துகொண்ட நாய் பிறகு எதற்கும் எழுந்திருக்காது என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

"பின்னாடி தள்ளுறத நாங்க பாத்துக்கிர்றோம்மா" என்றார் கண்ணப்பன். "கோட்டுல நின்னு கூப்புட ஆள் வேணும். அது நீங்கதான். எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்."

"தெரிஞ்சுதான் அவருக்குச் சால்வை போட்டீங்களா?" என்று கேட்டாள் வனிதா. கண்ணப்பன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீட்டின் கொல்லைப்புறம் போனார்.

ஷர்லி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "கூப்புடாத வனி. நீ வாயத் தொறந்தீன்னா அந்தாளும் சேந்துல்ல வருவான். மூணு வருசம் நிம்மதியா இருந்திருக்க. நாய் இன்னும் எத்தன நாளைக்கு இருக்கும், சொல்லு?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. வனிதா அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தாள். வெளியே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்துபோய், தன் வாசலில் கோலமாவால் ஒரு கோடு போட்டாள். பதினோரு கோப்பைக்கும் அவள் நிற்காத இடம் அது. அதற்குப் பின்னால் நின்று, "வாடா தங்கம், இங்கிட்டு வா" என்றாள். முப்பத்தெட்டுப் பேர் கொல்லைப்புறச் சுவரில் தோளைக் கொடுத்தார்கள். வீடு மணலை விட்டு எழும்பி, உள்ளே பாத்திரம் உருள, வந்தது. கருவாயன் காதை நிமிர்த்திக்கொண்டு, தன் பலத்தில்தான் வருகிறோம் என்ற மிடுக்கோடு கோட்டைத் தாண்டி அவள் மேல் மோதியது. தெருவே கைதட்டியது. கவியரசன் தலை சீவிக்கொண்டு வாசலுக்கு வந்து, பெரிய மனசு பண்ணுகிறவனாகச் சாவியைத் தூக்கிப் போட்டான்.

அவள் பூட்டைத் திறந்தாள், தோல்வாரை அவிழ்த்தாள், அதன் அடியில் ரோமம் உதிர்ந்து போயிருந்த தோலைத் தடவிக் கொடுத்தாள். தன் அறைக் கதவை அகலத் திறந்து வைத்து உள்ளே கூப்பிட்டாள். கருவாயன் ஒரு வாளித் தண்ணீரைக் குடித்தது, உடம்பை உதறியது, திரும்பி இழுத்து வந்த வீட்டின் படியேறியது. கூடத்தில் தன் பழைய சாக்கில் படுத்துக்கொண்டு, அவளும் வருவாள் என்று வாசலையே பார்த்தது. வனிதாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்று வருஷமாக அது அவளைத் தேடி மட்டும் வரவில்லை. வீட்டை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டாளென்று நினைத்து, அதை அவளிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அவள் தெருவில் நின்று வாய்விட்டு அழுதாள். பார்த்தவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

பஞ்சாயத்தில் வீட்டுக்குக் கதவு எண் கொடுத்துவிட்டார்கள். தபால்காரருக்குப் பழகிவிட்டது, அது எங்கிருந்து வந்தது என்று கீழத்தெருவில் இப்போது யாரும் பேசுவதில்லை. புருஷன் பெண்டாட்டி சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான் ஊர்க் கணக்கு. வனிதா தூங்குவது தன் அறையில். ஆனால் அவள் உள்ளே வந்து உட்காராவிட்டால் கருவாயன் தட்டில் வாய் வைக்காது. அதனால் தினம் இரண்டு வேளை அந்தப் படியேறிப் போகிறாள். "அப்படியே எனக்கும் போட்டிரு" என்று கவியரசன் கட்டிலிலிருந்து சொல்கிறான். அவள் இரண்டு தட்டில் போட்டுவிட்டு, நாய் தின்று முடிக்கும்வரை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வயதான நாய், இப்போதெல்லாம் மிக மெதுவாகத்தான் சாப்பிடுகிறது.