பிரேக்குக்கு வைத்த பொட்டு

மைக்ரோமீட்டரின் வாயைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை வைத்துப் பார்த்தேன். இருபத்தேழு புள்ளி ஆறு மில்லிமீட்டர். இருபத்தெட்டுக்குக் கீழே தேயக்கூடாது என்று அந்த ரோட்டரின் நடுவிலேயே எண் பொறித்திருக்கிறது. சக்கரத்தோடு சுற்றும் இந்த இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடித்தால்தான் கார் நிற்கும். கவ்வுவதற்குப் பேடில் ஒன்றும் மிச்சமில்லை. வலது முன்சக்கரத்தில் பேடின் பின்தகடே தட்டில் உரசி வட்ட வட்டமாகக் கோடு இழுத்திருந்தது. நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கோட்டிலும் தடுக்கியது.

“எவ்வளவு?” என்று கேட்டார் என் கணவர் கமலநாதன். மாசாயில் எங்கள் வீட்டுப் போர்ச்சில், முட்டுக் கொடுத்துத் தூக்கி நிறுத்திய காருக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார்.

“நீங்களே வந்து பாருங்க.”

வந்து பார்த்தார். என் அளவில் தப்பு கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பாசிர் கூடாங்கில் பம்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக எனக்கு இதுதான் வேலை. அளப்பேன், சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஒதுக்கி வைப்பேன். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் ஒட்டிய சீட்டைக் கிழிக்க மாட்டேன். அதற்காக அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதை இங்கே எழுத முடியாது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டர்போ வைத்த நீல இம்ப்ரேசா, எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது. வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லைப் பாலத்தில் மழையிலும் புகையிலும் நின்று சிங்கப்பூருக்குப் போய் வருகிற மனுஷனுக்கு சனி, ஞாயிறில் இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான். கழுவித் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில் என்னைக்கூட அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. எனக்கும் அந்தக் காரைப் பிடிக்கும். மேட்டில் ஏறும்போது முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்துமே, அது பிடிக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கூலாயில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நெடுஞ்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்சீட்டில் எங்கள் மகள் தேன்மொழி, ஒன்பது வயது, தூங்கிக்கொண்டு வந்தாள். செனாய் தாண்டி ஒரு வளைவில் திடீரென்று வண்டிகள் நின்றிருந்தன. அவர் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் உதறியது, கீழே இரும்பை இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது, கார் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பாமாயில் லாரியின் பின்னால், அதன் நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்த சேற்றை நான் பார்க்கிற தூரத்தில் நின்றது. தேனு கண்ணைத் திறந்து, “வீடு வந்துருச்சாம்மா?” என்றாள்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகு அவர் சொன்னார்: “ஒரு மாசமாவே கீச்சுன்னு சத்தம் வந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு நெனச்சேன் லா.”

தெரிந்திருக்கிறது. தெரிந்தே எங்களை ஏற்றியிருக்கிறார். இனி நானும் என் பிள்ளையும் அந்தக் காரில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். வேலைக்குப் போவதற்குத் தொழிற்சாலை பஸ், கடைக்குப் போவதற்கு என் பழைய மோட்டார் சைக்கிள். அவர் காரை விற்றுவிடட்டுமா என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. விற்றால் மட்டும், தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த ஆள் மாறிவிடுவாரா என்பதுதான் என் கேள்வி. அதை வாய்விட்டுக் கேட்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் புது ரோட்டரும் பேடும் வரவழைத்தார். பெட்டிகள் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. சனிக்கிழமை காலையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தானே வேலையை ஆரம்பித்தார். தேனு டியூஷனுக்குப் போன பிறகு நானும் மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். உதவி செய்ய இல்லை, குற்றம் கண்டுபிடிக்க.

பழைய தட்டு துருப்பிடித்து இறுகிப்போய் வர மறுத்தது. அதிலிருந்த இரண்டு துளைகளிலும் போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினார். மூன்றாவது சுற்றில் ‘டங்’ என்று விடுபட்டது. புதுத் தட்டில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசியிருந்த எண்ணெயை ஸ்பிரே அடித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை என்னிடம் நீட்டினார். அழுக்கு இருந்தது. மறுபடி துடைத்தார். நான்காவது துணி வெள்ளையாகவே வந்தது. பிறகு பேடு பெட்டியை எடுக்கப் போனார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இல்லை, அது பொய். காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டியைத் திறந்து ஒரு பேடை எடுத்தார். திருப்பினார். தட்டைக் கவ்வும் கறுப்பு முகத்தின் நடுவில் ஒரு சில்லறைக் காசு அளவுக்குக் குங்குமப் பொட்டு. நல்லெண்ணெயில் குழைத்தது. எண்ணெய் இரவோடு இரவாக ஊறி, பொட்டைச் சுற்றிக் கறையாகப் படர்ந்திருந்தது. அடுத்ததிலும் இருந்தது. நான்கிலும் இருந்தது.

“நீ வச்சியா?”

“ஆமா.”

“இதுல எண்ணெ படக்கூடாது பிரேமா. பட்டா புடிக்காது. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

தெரியாமல் என்ன? வேலையிடத்தில் இப்படிப்பட்ட சாமானைக் கையுறை இல்லாமல் தொட்ட ஆளைச் சத்தம் போட்டு அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது பெட்டி சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்த புதுச் சாமான், பொட்டு வைக்காமல் எப்படி விடுவது? பின்தகட்டில் எழுத்து இருந்தது, அதன்மேல் வைக்க மனம் வரவில்லை. காய்ந்த குங்குமம் ஒட்டவில்லை, எண்ணெய் விட்டுக் குழைத்தேன். நான்காவது பொட்டை வைத்துவிட்டுக் கும்பிடும்போதுதான் என்ன செய்தேன் என்று புரிந்தது. துடைக்கப் பார்த்தேன், இன்னும் பரவியது.

“அப்பறம் ஏன் வச்ச?”

“பயமா இருந்துச்சுங்க. ராத்திரி கண்ண மூடுனா அந்த லாரிதான் வருது.”

அவர் பேடைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவமானமும் கூடவே வந்தது. இத்தனை நாள் நிமிர்ந்து நின்றதெல்லாம் நான்கு பொட்டில் போய்விட்டது. “உப்புத்தாள் போட்டுத் தேச்சா போயிடும். சின்னக் கறைதானே, ஓடும்” என்றேன்.

சொன்னது நான்தான். என் வாயால்தான் வந்தது.

“வேணாம்” என்றார். “உள்ள ஊறியிருக்கும். தேனு ஏறுற கார் இது.”

“மறுபடி ஆர்டர் பண்ணா ஒரு வாரம் ஆகுமே.”

“ஆகட்டும். ஒரு மாசம் ஓட்டுனேன்ல, ஒரு வாரம் நிக்கட்டும்.” என்னைப் பார்க்காமல், “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு” என்றார். பேடுகளைத் துணியில் சுற்றி, குப்பையில் போடாமல், சாமி மேடைக்கே கொண்டுபோய் வைத்தார். பொட்டு வைத்ததைக் குப்பையில் போட அவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு வாரம் கார் முன்சக்கரம் இல்லாமல் போர்ச்சில் நின்றது. பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் போகும்போதும் வரும்போதும், “அலமாக்! என்ன கமலா, சக்கரத்தையும் அடகு வச்சிட்டியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் சிரித்துவிட்டுப் போனார். திங்கள் முதல் வெள்ளி வரை பாலத்தில் நனைந்து வந்து, குளித்துவிட்டு, காரைப் பக்கத்தில் போய்க்கூடப் பார்க்கவில்லை. புதுப் பெட்டி வந்ததும் நேராகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன், என்னிடமிருந்தே காப்பாற்றுவதற்காக.

அடுத்த சனிக்கிழமை மாட்டி முடித்தார். மிதியைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்த பிறகுதான் காரை நகர்த்தினார். எங்கள் தாமானுக்குள், குடியிருப்புத் தெருக்களிலேயே மெதுவாக இரண்டு சுற்று சுற்றி நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் நின்றார்.

“இனி புதுப் பேடு தட்டுல படியுற மாதிரி ரோட்டுல போயி பழக்கணும். எம்பதுல இருந்து இருபதுக்கு, பத்துத் தடவ, முழுசா நிறுத்தாம. நான் மட்டும் போயிட்டு வரேன்.”

“இருங்க” என்றேன். “தேனு ஏறுறதுக்கு முன்னால நான் ஏறிப் பாக்கணும். எண்ணிக்கைய நான் வச்சிக்கிறேன்.”

ஏறி உட்கார்ந்து, கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்தினேன். தஞ்சோங் லங்சாட் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நடுவே போகும் நேர்சாலை சனிக்கிழமை காலியாகத்தான் கிடக்கும். பின்னால் யாரும் வரவில்லை என்று இரண்டு பேரும் பார்த்தோம். எண்பது. அவர் மிதித்தார். என் வலது கால் தானாகவே விரிப்பை அழுத்தியது. கார் உதறாமல் தாழ்ந்தது. “ஒண்ணு” என்றேன். மறுபடி எண்பது. “ரெண்டு.” நான்காவதில் புதுச் சட்டி சுடுகிற மாதிரி வாடை வந்தது. “அப்படித்தான் வரும்” என்றார். “தெரியும்” என்றேன். ஐந்து. ஆறு.

அதற்குப் பிறகு சாலை ஓரத்தில் ஒரு குரங்குக் கூட்டம். ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு, இரும்பு வேலியின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் தொட்டிகளுக்குப் பின்னால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. சமையலுக்கு என்ன செய்வது, மீன் வாங்கலாமா என்று யோசித்தேன்.

“எத்தனையாச்சு?”

குனிந்து பார்த்தேன். என் கால் செருப்பை விட்டு வெளியே வந்து சும்மா கிடந்தது. பதினான்கு வருடத்தில் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டது அதுதான் முதல் முறை.

“தெரியலீங்க” என்றேன்.

அவர் சிரித்தார். “அப்ப இன்னும் ரெண்டு புடிச்சிருவோம். அப்பறம் ஆற விடணும், பிரேக் புடிக்காம கொஞ்ச தூரம் ஓட்டணும்.”

“ஓட்டுங்க. டியூஷன் பன்னெண்டுக்குத்தான் விடும். நேரா அங்கயே போயிரலாம்.”

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார். சூட்டு வாடை வெளியே போனது. நான் சீட்டில் திரும்பி மண்டியிட்டு, பின்னால் கிடந்த ஸ்பேனர் பையைக் கீழே தள்ளிவிட்டு, சீட்டு இடுக்கில் புதைந்துபோயிருந்த தேனுவின் பெல்ட் கொக்கியை விரல் விட்டு வெளியே இழுத்தேன்.