எண்பத்தேழாம் பக்கத்து அலை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு முனைவர் பட்ட வைவாவில் பிறந்தது. நான் அங்கே போனது கணிதத்துக்காக அல்ல, கேள்வி பதில் முடிந்ததும் போடுகிற மட்டன் பிரியாணிக்காக.

முதல் வரி இப்படி இருந்தது: 'காலம் என்னும் கால்வாயில் சத்யப்ரியா ஓர் அலையாக…' அடித்துவிட்டேன். அவள் அன்று அந்தப் பட்டத்துக்காக ஆனையூரிலிருந்து டவுன்பஸ்ஸில் வந்தவள்.

2

தண்ணீரில் எழும் மேடு இரண்டு விதமாகக் கெடும். அதற்குள் இருக்கும் சிற்றலைகள் ஆளுக்கொரு வேகத்தில் ஓடிக் கலைந்துபோகும். இல்லையென்றால் உச்சி அடியை முந்தப் பார்த்துக் குப்புற விழும். இரண்டும் சரிக்குச் சரி மல்லுக்கட்டினால் மேடு குலையாமல் போகும்.* 'காலமெல்லாம் போகும்' என்று நிரூபிக்க சத்யா ஆறு வருடம் உழைத்திருந்தாள்.

அன்று காலை பஸ்ஸில்தான் ஆய்வேட்டின் எண்பத்தேழாம் பக்கத்து ஓட்டை அவள் கண்ணில் பட்டது. மாறாத எண் என்று அவள் எழுதியிருந்தது நேரம் போகப் போக வளர்கிறது. அப்படியானால் கொஞ்ச நேரத்துக்கு மேல் எதுவும் உறுதியில்லை. சொன்னால் பட்டம் தள்ளிப்போகும். எழுமலையிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வேறு வந்து இறங்கிவிட்டார்கள்.

(* இதற்கு மேல் எனக்கும் தெரியாது.)

3

தேர்வாளர் ஓட்டையைப் பார்க்கவில்லை, பாராட்டினார். “பொதுமக்களும் கேட்கலாம்” என்றார், சம்பிரதாயத்துக்கு.

[இங்கே ஒரு பேராசிரியரைக் கேட்க வைத்திருந்தேன். நம்பும்படி இல்லை. பேராசிரியர்களின் மூக்கும் பிரியாணிப் பக்கமே இருந்தது.]

எழுந்தவள் சத்யாவின் சித்தி மாயக்காள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவள்.

“ஏத்தா சத்யா, மடையத் தொறந்தா வாய்க்கால்ல ஒரு மேடு உருண்டு போகும், நானும் பாத்திருக்கேன். கலையாமப் போகும்னு சொன்னியே, எம்புட்டு தூரம்?”

எல்லோரும் சிரித்தார்கள். சத்யா மட்டும் சிரிக்கவில்லை.

“சித்தி…”

4

முடிவு ஒன்று: “கடைசி வரைக்கும் போகும் சித்தி.” கைதட்டல், பட்டம்.

முடிவு இரண்டு: “கொஞ்ச தூரத்துக்குத்தான் எனக்குத் தெரியும் சித்தி. அதுக்கு மேல போட்ட கணக்குல தப்பு இருக்கு.” இன்னும் ஒரு வருடம்.

நல்ல சமன்பாட்டில் தொடக்கத்தைச் சற்றே அசைத்தால் முடிவும் சற்றேதான் அசையுமாம். நான் கதையின் தொடக்கத்தில் பஸ்ஸை ஸ்கூட்டியாக்கிப் பார்த்தேன். பிரியாணியைச் சாம்பாராக்கவும் துணிந்தேன். முடிவுகள் இரண்டாகவே நின்றன.

உண்மையில் என்ன சொன்னாள்? சொல்ல எனக்கு வெட்கம்தான். அவள் வாய் திறந்த நேரத்தில் நான் முதல் பந்தியில் இடம்பிடிக்க ஓடிவிட்டேன்.

பிறகு அவள் என் எதிர் இலையில் வந்து உட்கார்ந்தாள். மாயக்காள் பரிமாறுகிறவரை அதட்டி, அவளுக்கு இன்னும் இரண்டு துண்டு வைக்கச் சொன்னாள். “தின்னு தாயி, தெம்பு வேணும்ல?” ஜெயித்து வந்தவளிடமும் அப்படித்தான் சொல்வார்கள், தோற்று வந்தவளிடமும் அப்படித்தான். சத்யா சிரித்துக்கொண்டே வயிறாரச் சாப்பிட்டாள். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போதாவது கேட்டிருக்கலாம். என் வாய் நிறையச் சோறு. நீங்களே சொல்லுங்கள், அந்த மேடு எம்புட்டு தூரம் போனது?