பள்ளி வேண்டாம்

ராஜராஜன் என்று பெயர் வைத்ததுதான் மாமியார் செய்த முதல் தப்பு என்பது ஜெயசித்ராவின் கட்சி. வேறு ஏதாவது சாதாரணப் பெயராக வைத்திருந்தால் மனுஷன் தானுண்டு தன் மக்காச்சோளக் காடுண்டு என்று இருந்திருப்பான். இப்படி ஒரு பெயரைச் சுமந்துகொண்டு, படையெடுக்க ஒரு நாடும் அகப்படாமல் நாற்பது வயதுவரை தவித்தான். கடைசியில் அகப்பட்டது ஓடைக்குறிச்சிப் பாய்மார்களின் பள்ளி.

ஓடைக்குறிச்சி கீழப்பழுவூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். விவசாயக் குடும்பங்களோடு பத்துப் பதினைந்து முஸ்லிம் குடும்பங்களும் பாட்டன் காலத்திலிருந்தே இருக்கின்றன. அவர்கள் தொழுவது ஒரு சின்ன ஓட்டுக்கூரைப் பள்ளிவாசலில். ஆனால் ஊரில் யாரும் மெனக்கெட்டு வாசலையும் சேர்த்துச் சொல்வதில்லை. பாய்மார்கள் பள்ளி என்பார்கள்; கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அது பள்ளி ஆகிவிட்டது. பள்ளியில் தொழுகைக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள் என்றால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமாகிவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் படிக்கப் போகும் இடத்துக்கு ஊரில் வேறு பெயர். அது இஸ்கூலு.

அந்த வருஷம் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் நல்ல காலம் பிறந்தது. பள்ளியின் ஓடு ஒழுகித் தொழுகிறவர்கள் தலையில் சொட்டியது. நிர்வாகம் பார்த்த நத்தர்ஷா பாய் அதைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட் கட்டடம் எழுப்ப, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அனுமதி வாங்கி வந்தார். அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். ஊரில் எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் எப்போது புகையும் என்று அவருக்குத் தெரியும். இஸ்கூல் கதை இன்னும் மோசம். சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்து வைத்துச் சுவரெல்லாம் விரிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வகுப்பின் கூரைப்பூச்சு மொத்தமாகக் கீழே வந்தது. ஜெயசித்ராவின் மகள் இலக்கியா உட்காரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால் பிள்ளை பிழைத்தாள். அதன் பிறகு அரசாங்கத்துக்கு மனசு இளகிப் புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியது. செங்கல்லும் ஜல்லியும் கம்பியும் வந்து இறங்கின. அதைப் பார்த்த அன்றுதான் ஜெயசித்ராவுக்கு மூச்சு சீராக வந்தது.

ராஜராஜனின் கண்ணுக்கு இஸ்கூல் கம்பி தெரியவில்லை. பள்ளிக் கம்பிதான் தெரிந்தது. அரியலூர் டவுனில் ஓர் அமைப்பு இருந்தது. அதன் கூட்டங்களுக்குப் போய் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, ஊரில் ஒரு காரியம் செய்து காட்டினால் ஒன்றியப் பொறுப்பு நிச்சயம் என்று யாரோ ஆசை காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் தூங்கவில்லை. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்தான். புதிய பள்ளி அய்யனார் கோயிலைவிட உயரமாக வருகிறதாம்.

ஓடைக்குறிச்சி அய்யனாருக்குக் கோயிலே கிடையாது. வேப்பமரத்தடியில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறவர் அவர். கூரை போட்டால் கோபித்துக்கொள்வார் என்று ஊரே கை வைக்காமல் விட்டிருக்கிறது. அவரைவிட உயரம் என்று பார்த்தால் ஊரில் மாட்டுக்கொட்டகைகூடக் குற்றவாளிதான். ராஜராஜன் மாடி எடுத்துக் கட்டியபோது அய்யனாரிடம் போய் அளவு கேட்டதாக ஜெயசித்ராவுக்கு நினைவில்லை. அதை அவனிடமே கேட்டாள். வீடு வேறு, ஆன்மிகம் வேறு என்றான். நோன்பு மாதம் முழுக்க நத்தர்ஷா வீட்டுக் கஞ்சியைத் தூக்குப்போணியோடு வாங்கிவந்து குடித்தீர்களே என்றாள். கஞ்சி வேறு, கொள்கை வேறு என்றான். போன கோடையில் பயிர் வாடியபோது சாப்பிடாமல்கூட உட்கார்ந்து காயில் கட்டிக் கொடுத்தாரே என்றாள். அதற்கு மோட்டார் வேறு என்று சொல்ல வாயெடுத்தவன், என்ன தோன்றியதோ, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

டவுனில் டைப் அடித்துக்கொண்டு வந்த மனுவை அவளிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னான். தன் எழுத்தைப் பிறர் வாயால் கேட்பதில் அவனுக்கு ஒரு சுகம். எங்கள் ஊரில் பள்ளி கட்டுவதை நாங்கள் அனைவரும் ஒருமனதாக எதிர்க்கிறோம் என்று தொடங்கியது அது. பழைய பள்ளியே எங்களுக்குப் போதுமானது. புதிய பள்ளி வந்தால் ஊரின் அமைதி கெடும். ஆகவே பள்ளிக் கட்டுமானத்தை உடனே தடுத்து நிறுத்த வேண்டும் என்று முடிந்தது.

ஜெயசித்ராவுக்கு வயிறெரிந்தது. ஆனால் எரிந்ததெல்லாம் பாய்மார்களுக்காகத்தான். அவளும் அந்த ஊரிலேயே பிறந்து, அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அந்த ஊரிலேயே இருப்பவள். பள்ளி என்றால் அவள் காதுக்கும் பள்ளிதான். கையெழுத்துப் போட்டவர்களுக்கும் அப்படித்தான். பாதிப் பேர் படித்துப் பார்த்தே போட்டார்கள். மீதிப் பேர், வாசலில் வந்து நிற்கிறவனிடம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் போட்டார்கள். ஒருவனை வெறுத்து எழுதும் மனுவைக்கூட அவன் சொல்லிக்கொடுத்த வார்த்தையில்தான் எழுதுகிறோம் என்று அத்தனை பெரிய ஊரில் ஒரு தலைக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து, மனுவைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துப் படமும் எடுத்துக்கொண்டு வந்தான். எத்தனையோ மனு வருஷக்கணக்கில் தூங்கும் ஆபீஸில் இது மட்டும் குடுகுடுவென்று நடந்தது. ஒரு வேலையைச் செய்து கொடுங்கள் என்று கேட்டால் இழுத்தடிக்கலாம். வேண்டாம் என்று ஊரே எழுதிக் கொடுத்தால் எந்த ஆபீஸர் மறுப்பார்?

ஒன்றிய ஆபீஸ் ஜீப்பும் அதன் பின்னால் ஒரு லாரியும் ஊருக்குள் நுழைந்தபோது ராஜராஜன் வெடி கொளுத்தினான். ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து, கலெக்டர் உத்தரவுப்படி பள்ளி வேலை நிறுத்தப்படுகிறது என்று நேரலையில் அறிவித்துக்கொண்டே முன்னால் நடந்தான். பள்ளி அஸ்திவாரத்தின் பக்கத்தில் நத்தர்ஷாவும் நாலைந்து பேரும் முகத்தில் ஈயாடாமல் நின்றார்கள். வாசலிலிருந்து பார்த்த ஜெயசித்ராவுக்கு அவமானமாக இருந்தது. இவன் பெண்டாட்டி என்று யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று உள்ளே போகத் திரும்பினாள்.

லாரி பள்ளியைத் தாண்டிப் போனது. நேராக இஸ்கூல் வாசலில் போய் நின்றது. ஆட்கள் குதித்து இறங்கிக் கம்பிகளைத் தூக்கி லாரியில் போட ஆரம்பித்தார்கள். ராஜராஜன் போனை அணைத்துவிட்டு ஓடினான், ஊரும் ஓடியது. ஓவர்சியர் அறிவரசன் ஜீப்பை விட்டு இறங்கி, இவன்தான் ராஜராஜனா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"பள்ளி வேணாம்னு ஊரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கீங்க. பழசே போதும், புதுசு வந்தா அமைதி கெட்டுடும்னு வேற எழுதிருக்கீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஊரப் பாத்ததில்ல சார்."

"அது இந்தப் பள்ளி இல்ல சார்," என்றான் ராஜராஜன். விரல் தெருக்கோடியைக் காட்டியது. "அந்தப் பள்ளி."

ஓவர்சியர் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மனுவைப் பார்த்தார். பிறகு, இதை எழுதியது யார் என்று கேட்காமலேயே தெரிந்துகொண்டவராக அவனைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டுமென்றால் முதலில் தங்கள் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

அவர் நல்ல மனிதர்தான். விவரத்தைச் சொல்லிவிட்டுப் போனார். ஒதுக்கிய பணம் ஒன்றியத்திலேயே வேறோர் ஊருக்குப் போகிறது. பழைய கட்டடம் ஆபத்தானது என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால் பரீட்சை முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். ஜூனிலிருந்து பிள்ளைகள் மெயின் ரோட்டைத் தாண்டிக் கல்லங்காட்டு இஸ்கூலுக்குப் போக வேண்டும். இதை மாற்ற ஒரே வழி, மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் இந்த மாதத்துக்குள் நேரில் வந்து, தவறாக எழுதிவிட்டேன், நான் சொன்னது மசூதியை என்று எழுதிக் கொடுப்பது.

மெயின் ரோடு என்றால் என்னவென்று ஜெயசித்ராவுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு இரவும் பகலும் லாரி ஓடும் ரோடு அது. வண்டி வருவதற்கு முன்னால் புழுதி வரும்; புழுதியில் வண்டி தெரியாது. போன மாசி மாதம் பக்கத்துத் தெரு அமாவாசை என்கிறவரைச் சைக்கிளோடு லாரி அடித்துப்போட்டது அதே இடத்தில்தான். ஐம்பது வயது மனுஷனுக்கே தாண்டத் தெரியாத ரோட்டை எட்டு வயதுப் பிள்ளை எப்படித் தாண்டும்? நாளைக்கே போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். பார்க்கலாம் என்றான். எத்தனை கேட்டும் பார்க்கலாம்தான்.

பார்க்கலாம் என்பதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று இரண்டு நாளில் தெரிந்தது. பாதியில் அணைந்த அந்த நேரலையை டவுன்காரர்கள் பார்த்திருந்தார்கள். கலெக்டர் உத்தரவில் பள்ளி நின்றுவிட்டது என்பது மட்டும் அவர்கள் காதில் விழுந்திருந்தது. எந்தப் பள்ளி என்று யாரும் கேட்கவில்லை. பாராட்டு விழாவுக்கு மண்டபமும் பிடித்தாகிவிட்டது. ஒன்றியப் பொறுப்பை மேடையிலேயே அறிவிப்பார்களாம். இந்த நேரத்தில் போய் இஸ்கூலை நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சந்தி சிரித்துப்போகாதா என்று அவளிடமே நியாயம் கேட்டான். பெற்ற மகளைவிடச் சந்தி பெரிதாகப் போயிற்றா என்றாள். உனக்கு அரசியல் தெரியாது என்றான்.

நத்தர்ஷா பாயே வீடு தேடி வந்தார். ராஜராஜன் குளிக்கிறேன் என்று உள்ளிருந்து குரல் கொடுத்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் குளித்துக்கொண்டே இருந்தான். அவர் காத்திருந்து பார்த்துவிட்டு ஜெயசித்ராவிடம் சொன்னார்.

"தம்பிக்கிட்ட சொல்லும்மா. பள்ளின்னு எழுதுனது எங்க பள்ளியத்தான்னு எழுதிக் குடுக்கட்டும். நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். எங்க மேலதான் மனு போட்டாருன்னு நாங்களே வந்து சாட்சி சொல்றோம். எம் பேத்தியும் அந்த ரோட்டத்தானே தாண்டணும்."

ஜெயசித்ரா சத்தமில்லாத குளியலறைப் பக்கம் பார்த்தாள். இந்த மனுஷனுடைய பள்ளியை நிறுத்தத்தான் தன் புருஷன் கையெழுத்து வாங்கினான். தன் மேல் போட்ட மனுவுக்கே சாட்சி சொல்ல அவர் வந்து நிற்கிறார். மறுநாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு அவளே ஒன்றிய ஆபீஸுக்குப் போனாள். முதல் கையெழுத்துக்காரர் வராமல் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரியலூர் மண்டபத்தில், குடும்பத்தோடு வரவேண்டும் என்ற கட்டளைப்படி, இலக்கியாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் ராஜராஜனின் மீசை இரண்டு ஆள் அகலத்துக்கு விரிந்திருந்தது. இலக்கியா அதற்குக் கீழே இருந்த எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள்: பள்ளியைத் தடுத்து நிறுத்திய பழுவூர்ச் சிங்கம். வாசித்துவிட்டு அம்மாவின் காதோடு காதாக, எங்க டீச்சர் அழுதாங்களே, அது அப்பாவாலதானா என்று கேட்டாள். பிள்ளையின் புத்தகத்தில் பள்ளி என்றால் பள்ளிக்கூடம்தான். ஜெயசித்ரா ஆமாம் என்றாள். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

கழுத்தில் செக்கச்செவேல் என்று ஒரு சால்வையைப் போட்டு மைக்கைக் கொடுத்தார்கள். ஓடைக்குறிச்சியில் இனி எந்தக் காலத்திலும் புதிய பள்ளி வராது என்று ராஜராஜன் முழங்கினான். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அன்று அவன் பேசியதில் ஒரு சொல் பொய்யில்லை.

மாதம் முடிந்தது. செங்கல்லும் ஜல்லியும் போயின. இஸ்கூல் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பாய்மார்களின் பள்ளிக்கு எந்தத் தடையும் வரவில்லை. மேல்தளம் போட்டு மினாருக்கும் வெள்ளையடித்து முடித்தார்கள். டவுன்காரர்கள் யாரும் ஓடைக்குறிச்சிக்கு வந்து பார்க்கவில்லை. வந்து பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. புதுப் பொறுப்பில் இருந்த ராஜராஜன் தினமும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே போனான், அந்தத் தெரு வழியாக மட்டும் போவதில்லை.

ஜூன் மாதம் இஸ்கூல் திறந்த அன்று காலையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மெயின் ரோட்டின் இந்தக் கரையில் பையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். நத்தர்ஷா பேத்தியும் இலக்கியாவும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். புழுதியும் லாரியும் மாறி மாறிப் போயின. ஒரு டிரைவரும் பிரேக்கைத் தொடவில்லை. முன்னால் கால் வைத்த பிள்ளைகள் அலறிப் பின்னால் வந்தன.

ஜெயசித்ரா வீட்டுக்கு ஓடினாள். மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ரோட்டோரத்தில் நிறுத்தினாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள், கண்ணாடிப் பீரோவிலிருந்து உருவி வந்த சிவப்புச் சால்வையை உதறி விரித்து அவன் கையில் திணித்தாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"இதப் புடிச்சிக்கிட்டு நடு ரோட்டுல நில்லுங்க மாமா. காலையிலயும் சாயங்காலமும், தினமும். லாரி நிக்கும். நிறுத்துறதுலதான் நீங்க பெரிய ஆளாச்சே."