கால் வைக்கக் கூடாத தெரு

பெயின்டருக்குக் கெடு முடிய இன்னும் மூன்றே மாதம்தான் இருந்தது.

குடித்துவிட்டு மனைவியின் கையை உடைத்தவன் அவன். அதை ஒருநாளும் மறுத்ததில்லை. நீதிமன்றம் ஓராண்டு சிறை விதித்து, அதை நிறுத்திவைத்து, இரண்டு ஆண்டு நன்னடத்தையில் விட்டது. குடிக்கக் கூடாது. மாதாமாதம் நன்னடத்தை அலுவலர் முன் கையெழுத்துப் போட வேண்டும். மனைவியும் மகளும் இருக்கும் தெருவில் கால் வைக்கக் கூடாது. மீறினால் உள்ளே போக வேண்டியதுதான். இருபத்தொரு மாதம் ஒரு கையெழுத்தும் தவறவில்லை. குடியைத் தலைமுழுகிவிட்டான்.

அன்று மத்தியானம் சாரத்தில் நின்று சுவர் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒன்பது வயது மகள்.

"அப்பா, உடம்பு கொதிக்குதுப்பா. அம்மா போன் எடுக்கல."

அம்மா வேலை பார்க்கும் துணி ஆலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவன் உப்புத்தாளைப் போட்டுவிட்டு ஓடினான். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனான். வீட்டுக்குக் கொண்டுவந்து, நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டான். சூடு தணிந்ததும், மனைவி வருவதற்குள் கிளம்பிவிட்டான்.

எதிர்வீட்டு அம்மா அவனைப் பார்த்துப் போலீசுக்குச் சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. முன்பு கை உடைந்து கிடந்த அவன் மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவளே அவள்தான்.

மறுநாள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வக்கீல் வைக்க வக்கில்லாததால் நீதிமன்றமே ஒரு வக்கீலம்மாவை ஏற்பாடு செய்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"கிளம்புறப்பவே அலுவலருக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"தோணலைங்க. புள்ள அழுதுச்சு, ஓடிட்டேன்."

"சரி, டாக்டர் சீட்டு இருக்குல்ல? அதைக் காட்டி நடந்ததைச் சொல்லுவோம். நீதிபதி மனசு இறங்க வாய்ப்பிருக்கு."

அவன் யோசித்தான். "காய்ச்சல் புள்ளைய யாரு தனியா விட்டுட்டுப் போனதுன்னு கேப்பாங்களே?"

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தாள். "கேப்பாங்க. குழந்தைகள் நல அலுவலகத்துலேந்து வீட்டுக்கும் வருவாங்க."

"அவ லீவு கேட்டா வேலையே போயிடும்ங்க. நான் ஒழுங்கா இருந்திருந்தா அவ ஏன் இந்தப் பாடு படணும்? அதைச் சொல்ல வேணாம்."

"உங்களுக்காகப் பேசத்தான் நான் வந்திருக்கேன். நீங்க வேணாம்னா சொல்ல மாட்டேன். ஆனா ஜெயில் நிச்சயம், தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்ங்க."

நீதிபதி ஏன் அங்கே போனாய் என்று இரண்டு தரம் கேட்டார். "மகளைப் பாக்கணும்போல இருந்துச்சுங்க" என்பதற்குமேல் அவன் வாயைத் திறக்கவில்லை. வக்கீலம்மா இருபத்தொரு கையெழுத்தையும் எடுத்துக்காட்டி மன்றாடினாள். ஓராண்டுத் தண்டனை ஆறு மாதமாகக் குறைந்தது. அவ்வளவுதான் முடிந்தது.

வெளியே நடையில் மனைவி நின்றிருந்தாள், ஆலைச் சீருடையோடு. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தை அருகில் பார்க்கிறான். கூட வந்த போலீஸ்காரர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா உன்மேலயும்ல கேசு எழுதுவாங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

"வெளியூர் வேலைக்குப் போயிருக்கேன்னு புள்ளகிட்டச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? நீ வந்து பார்த்துக்கிட்டதை எனக்குச் சொன்னதே அவதான். தான் கூப்பிட்டதாலதான் அப்பாவைப் பிடிச்சிட்டாங்கன்னு நேத்துலேந்து சாப்பிடாம கெடக்கா."

அதுவரை கல்லாக நின்றவன் அப்படியே சுவரோரம் குந்திவிட்டான். "அவ தப்பில்லைன்னு சொல்லு... அவ தப்பில்லைன்னு சொல்லும்மா..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்துத் தூக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.